சாமான் அறையில் ஒரு கட்டில்

நாளைக்குக் கட்டிக்கொண்டு போகும் யூனிபார்ம் புடவையை நாற்காலியில் மடித்து வைத்துவிட்டு அம்மா தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நாளைக்குப் பிறகு அந்தப் புடவைக்கு வேலை இருக்குமா என்பது என் கையில் இருந்தது. அது அவளுக்குத் தெரியாது.

எல்லாம் ஒரு கட்டுரையால் வந்தது. அம்மா ஆயாவாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அறுபது வயதாம். அது உருவான கதையை எழுதச் சொல்லிப் பள்ளிகளுக்குப் போட்டி வைத்தார்கள். வாசல் படத்தில் சிரிக்கும் பெரிய டாக்டர்தான் கட்டினார் என்று எல்லாரும் எழுதினார்கள். நானும் அதையே எழுதித் தொலைத்திருக்கலாம். ஆனால் வார்டில் அம்மாவுக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பழைய இரும்புக் கட்டில்களின் தலைமாட்டுக் கம்பியில், நடுவில், அறுத்துவிட்ட மாதிரி ஒரு குட்டை முளை. நோயாளியின் சீட்டை அம்மா அதில்தான் மாட்டுவாள். போன மாதம் பழைய சாமான் அறையை அவள் திறந்தபோது நானும் நுழைந்தேன். கிழிந்த மெத்தைகளை இழுத்துப் போட்டால் அடியில் ஒரு கட்டில். அதில் முளை இல்லை, முழுச் சிலுவையே இருந்தது. கீழே தகட்டில் ஏதோ கன்னியாஸ்திரிகள் சபையின் பெயர். அதிலிருந்த வருடப்படி ஆஸ்பத்திரிக்குத் தொண்ணூறு வயது.

எழுதினேன். கடைசியில் உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது தமிழ் மிஸ் பழக்கிய பழக்கம். ‘அறையைத் திறந்துவிட்ட என் அம்மாவுக்கு நன்றி’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இன்று சாயங்காலம் பெரிய டாக்டரின் பேரன் கூப்பிட்டு அனுப்பினார். இப்போது அவர்தான் முதலாளி. திட்டவில்லை. சிலுவை பற்றிய பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. நன்றி வரியை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்.

“நல்லா எழுதுறேம்மா. நாளைக்கு வேற ஒண்ணு எழுதிட்டு வா. இல்லேன்னா அம்மாவைச் சாவியோட வரச் சொல்லு.”

வெள்ளைத் தாளோடு உட்கார்ந்திருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் அம்மா விழித்துக்கொண்டாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கட்டுரையை வாங்கி, வரிகளுக்கு அடியில் விரலை நகர்த்தி, மெதுவாகப் படித்தாள்.

“பெரிய டாக்டர்தான் கட்டினார்னு எழுது.”

“அப்ப அந்தச் சிலுவை பொய்யா?”

“பொய்யில்லடி. மத்ததையெல்லாம் அறுத்ததே உங்கப்பாதான்.”

அப்பா வெல்டர். எனக்கு ஐந்து வயதில் செத்துப்போனார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு முன்னால், பெரிய டாக்டர் சொல்லி, நாற்பது கட்டில்களின் சிலுவைகளை நாலு ராத்திரியில் அறுத்தாராம். கூலி வேண்டாம், மனைவிக்கு ஒரு வேலை போதும் என்றாராம். கடைசிக் கட்டிலுக்கு வந்தபோது பிளேடு உடைந்துவிட்டது என்று சொல்லி அதைச் சாமான் அறையில் தள்ளிவிட்டாராம். மெத்தைகளை மேலே அடுக்கியது அம்மா.

“பிளேடெல்லாம் உடையல. நீ பொறந்த கட்டில் அது. கை வரலேன்னார்.”

எழுந்து, தான் படுத்திருந்த கட்டிலுக்கு அடியிலிருந்து அப்பாவின் தகரப் பெட்டியை இழுத்தாள். இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்துப் பிளேடைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பிளேடு பக்கத்தைத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள்.

“காலையில சீக்கிரம் போவணும். நீ எழுதி முடி,” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். “நன்றின்னு யாருக்கும் போடாத.”

பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன். நாற்காலியில் புடவை. அதன் மேல் பை. ஜிப் முழுக்க மூடவில்லை. ரம்பத்தின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அப்பா பிடித்த இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்து.