இருபத்தொன்பது பேர் எழுதிய தோழி

சேரங்கோட்டில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பள்ளிக்கூடமும் அட்டைகளும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்துவிடும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து பள்ளிக்கு வரும் பாதையில், ஈரப் புல்லின் நுனிகளிலெல்லாம் அவை நிமிர்ந்து நின்று யார் காலுக்காகவோ காத்திருக்கும். யானை நடமாட்டமும் உள்ள பாதை அது. எந்தப் பிள்ளையும் தனியாக நடக்கக் கூடாது, இரண்டிரண்டு பேராகத்தான் போய்வர வேண்டும் என்று பெற்றோர்கள் கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். அந்த லைனிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போகிறவர்கள் இரண்டே பேர். லைன் முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் மொய்னுதீனின் மகள் மெஹ்ரின் ஒருத்தி. கொழுந்து பறிக்கும் குடும்பத்துப் பெண்ணான தபித்தாள் மற்றொருத்தி.

ஆகவே இருவரும் சேர்ந்தே வந்தார்கள். பள்ளி வாசலில் நின்று ஒருத்தி மற்றவளின் கால்களைச் சுற்றிப் பார்ப்பாள். உப்பு முடிந்த துணியால் ஒற்றி அட்டைகளை உதிர்த்துவிடுவாள். பிறகு முறை மாறும். முழங்காலுக்குப் பின்புறம் ஏறியிருப்பதை எவராலும் தானே பார்த்துக்கொள்ள இயலாது அல்லவா, அதற்கு வேறு வழியும் இல்லை.

இவ்வளவையும் நாள்தோறும் கண்ட வகுப்பு, அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளாமல் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

ஆறாம் வகுப்பில் நடந்தது அது. பாதையோரப் புதரில் கிளை முறிகிற சத்தம் கேட்டு, "ஆனை!" என்று அலறிய மெஹ்ரின், பையையும் குடையையும் போட்டுவிட்டு ஓடினாள். புதரை விலக்கிக்கொண்டு ஓர் எருமை வந்தது. தபித்தாள் அதை லைன் முழுவதும் நடித்துக் காட்டினாள். கொழுந்து லாரி ஓட்டுநர் டக்ளஸ் அண்ணன்கூட ஒரு மாதம் வரை அவளை "ஆனை மெஹ்ரின்" என்றே அழைத்தார். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான் மெஹ்ரின். இடது காலில் அட்டை என்றால் ஒரு தட்டு, வலது காலில் என்றால் இரண்டு தட்டு. அதற்கு மேல் அவர்களுக்குள் எதுவும் தேவைப்படவில்லை.

இந்த ஆண்டு வகுப்புக்கு இருவர் அமரும் புதுப் பெஞ்சுகள் வந்திருந்தன. யார் எங்கே அமர்கிறார்களோ, ஆண்டு முழுவதும் அங்கேதான்; அறிவியல் கண்காட்சிக்கும் அதே இருவர்தான். மெஹ்ரினுக்கு இதில் ஒரே ஓர் ஆசை இருந்தது. சென்ற ஆண்டுத் தேர்வின்போது வரிசை எண்படி அமீனா அவளுக்கு அருகில் வந்தாள். தேர்வு தொடங்குவதற்கு முன் கிடைத்த சில நிமிடங்களில் அமீனா ஒரு மைனாவைத் தலைமையாசிரியரின் கண்ணாடியோடு வரைந்து காட்ட, மூன்று நாளும் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசி நாளில் அமீனா சொன்னாள்: "அடுத்த வருசம் எங்கூட உக்காரு, என்ன?" அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மெஹ்ரின் கோடை விடுமுறை முழுவதையும் கடத்தியிருந்தாள்.

வகுப்பாசிரியை சாந்தாமணி, ஊட்டியில் ஒரு பயிற்சிக்குப் போய்த் திரும்பியவர். தங்கள் நண்பர் யாரென்று கேட்டால் பிள்ளைகள் எல்லாரும் முதல் மதிப்பெண் வாங்குகிறவரின் பெயரையே எழுதுகிறார்களாம். ஆகையால் மற்றவர்களில் யாருக்கு யார் நண்பர் என்று கேட்க வேண்டுமாம். ஆளுக்கொரு சீட்டு, மூன்று ஜோடிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். தன்னைப் பற்றி எழுதக் கூடாது. பத்துப் பேருக்குக் குறையாமல் எழுதிய ஜோடிக்கு ஒரே பெஞ்ச். மற்றவர்கள் விருப்பம்போல் அமரலாம்.

இரண்டு ஜோடிகளை மெஹ்ரின் உடனே எழுதிவிட்டாள். மூன்றாவது கிடைக்கவில்லை. ஆசிரியை "நேரமாச்சு, நேரமாச்சு" என்று மேசையைத் தட்ட, மனத்தை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை அவசரமாக எழுதிக் கொடுத்தாள். சீட்டுகளைச் சேகரித்துக் கொடுத்தவள் வகுப்புத் தலைவியான தபித்தாள்.

மறுநாள் முடிவு வந்தது.

"மெஹ்ரின், தபித்தாள். இருபத்தொன்பது சீட்டு!" சாந்தாமணியின் முகம் மலர்ந்திருந்தது. "இந்தக் கிளாஸ்லயே இதுதான் அதிகம். காரணத்தக் கேளுங்க. 'ஒருத்தி வராம ஒருத்தி வந்ததே இல்லை.' 'தினமும் காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள்.' எத்தன பாசம் பாருங்க."

மெஹ்ரின் எழுந்து நின்றாள். "டீச்சர், நாங்க ஃப்ரெண்ட்ஸே இல்லீங்க."

வகுப்பு சிரித்தது.

"நெசமாலுமுங்க டீச்சர். நாங்க பேசியே ரெண்டு வருசமாச்சுங்க."

சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. "எடீ, எந்தா பிணக்கமா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஷிஜோ தன் மலையாளத்தில் கேட்டான்.

"பிணக்கமும் இல்ல, சண்டையும் இல்ல! ஆனைக்குப் பயந்துதான் சேந்து வர்றோம்!"

"எருமைக்குன்னு சொல்லு," என்றான் ஷிஜோ. கதை லைனைத் தாண்டியும் வந்திருந்தது.

சாந்தாமணி பெருமூச்சு விட்டு, சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். "செல்லாதுன்னு ஒரு சீட்ட ஒதுக்கி வெச்சிருந்தேன். தன்னப் பத்தியே எழுதியிருக்கு. 'நானும் மெஹ்ரினும் நண்பர்கள் அல்ல. பணிவுடன் தபித்தாள்.'" கண்ணாடிக்கு மேலாகத் தபித்தாளைப் பார்த்தார். "ஏம்மா?"

"உண்மைதாங்க டீச்சர்," என்றாள் தபித்தாள், எழுந்திருக்காமலே.

மெஹ்ரினுக்கு நன்றி சொல்லத் தோன்றியது. கூடவே சுருக்கென்று ஏதோ தைத்தது. இவ்வளவு ஒழுங்காகப் பணிவுடன் கையெழுத்திட்டு மறுத்திருக்க வேண்டியதில்லை.

"செரி," என்று ஆசிரியை இறங்கிவந்தார். "ரெண்டு பேரும் வேண்டாங்கறீங்க. மெஹ்ரின், நீ யாரு கூட உக்காரணும்?"

"அமீனா கூடங்க."

"வாடீ!" என்று அமீனா அப்போதே பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். மெஹ்ரின் பையைத் தூக்கிவிட்டாள்.

"இரு, இரு." சாந்தாமணி பட்டியலில் விரலை ஓட்டினார். "அமீனா, சுஜாதா. பத்துச் சீட்டு. ஒம்பதா இருந்தா விட்டிருப்பேன் கண்ணு. இவங்க பிரிய மாட்டேன்னு இருக்காங்களே! 'ஒரே ஆட்டோவில் வருகிறார்கள். ஒருத்தி இறங்கும்வரை மற்றவள் காத்து நிற்கிறாள். இவர்களைப் போல் யாரும் இல்லை.'"

மெஹ்ரினின் கையிலிருந்து பை நழுவியது. அது அவள் எழுதிய வரி.

"எவடீ எழுதுனது?" அமீனா கத்தினாள். "எங்க அத்தா கடையும் அவங்கப்பா கடையும் பக்கத்துப் பக்கத்துல. அதுக்காக ஒரே ஆட்டோ! ரெண்டு பேரும் எறங்குனாத்தான் அந்த ஆளு வண்டிய எடுப்பாரு! நாங்க காத்து நிக்கறமாம்!"

"எனக்கும் ஒண்ணும் ஆசையில்ல," என்று சுஜாதா முணுமுணுத்தாள்.

"ஆண்டவனே!" என்று சாந்தாமணி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அவ இல்லங்கறா, இவ இல்லங்கறா. அப்ப இந்தக் கிளாஸ்ல யாருதான் யாருக்கு ஃப்ரெண்டு? இனி ஒருத்தரையும் மாத்த மாட்டேன். லிஸ்ட்டுல இருக்கற மாதிரி உக்காருங்க!"

மெஹ்ரினும் தபித்தாளும் ஒரே பெஞ்சில், ஆளுக்கொரு முனையில் அமர்ந்தார்கள். அன்று முழுவதும் வகுப்பு அவர்களைச் சேர்த்து வைக்கப் பாடுபட்டது. ஒருவன் மிட்டாய் கொண்டுவந்து இருவருக்கும் பாதிப் பாதி கொடுத்தான். மதிய உணவின்போது அமீனாவே வந்து நின்றாள். மெஹ்ரின் நகர்ந்து இடம் விட்டாள்.

"பாவம்டி அவ," என்றாள் அமீனா. "ஃப்ரெண்டுக்குள்ள சண்டை வர்றதுதான். நீயே போய்ப் பேசிரு."

"நாங்க ஃப்ரெண்ட்..."

"கோவத்துல அப்படித்தான் இருக்கும்." அமீனா அவள் தோளைத் தட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அத எழுதுனவ மட்டும் யாருன்னு தெரியட்டும், அவ மூஞ்சில முழிக்கவே மாட்டேன்."

மெஹ்ரின் மீதிச் சோற்றை மூடி வைத்தாள்.

மாலையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு குடைகள் வழக்கம்போல் முன்னும் பின்னுமாகப் பாதையில் சென்றன. தேயிலைச் சரிவு முடிந்து காடு தொடங்கும் வளைவில், முன்னே சென்ற குடை நின்றது.

"அந்த ஆட்டோ சீட்டு நீ எழுதுனதுதான?"

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவளை நோக்கி வந்த தபித்தாளின் குரல் அது. மெஹ்ரினும் நின்றாள். எருமையையே லைன் முழுக்க நடித்துக் காட்டியவள். இதை நடிக்க அவளுக்குக் கசக்குமா?

"சொல்லப் போறியா?" என்றாள் மெஹ்ரின்.

தபித்தாள் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு இல்லை, எரிச்சல்தான் இருந்தது. "சொன்னா, 'சண்டையில காட்டிக் குடுத்துட்டா, பாவம் ஃப்ரெண்ட்ஸு'ம்பாங்க. சொல்லாட்டி, 'ஃப்ரெண்டுன்னு மறைக்கறா'ம்பாங்க. நா என்னதான் பண்ணித் தொலைக்கறது?"

"அந்த மிட்டாய்ப் பய இருக்கானே..."

"அவனா! எம் பாதிய வேலிக்கு அந்தப் பக்கம் எறிஞ்சேன்."

"நானும்."

பிறகு, பேசியதற்கே வருந்துகிறவளைப் போலத் தபித்தாள் நடக்கத் தொடங்கினாள். சொல்வேன் என்றும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அன்றிரவு மெஹ்ரின் நன்றாக உறங்கவில்லை. மறுநாள் காலை பள்ளி வாசலுக்கு வந்ததும் முதலில் அமீனாவைத்தான் தேடினாள். தாழ்வாரத்தில் நின்ற அமீனா அவளைப் பார்த்துக் கையசைத்தாள். அப்படியானால் இன்னும் தெரியாது. இன்றைக்குத் தெரியுமோ, நாளைக்குத் தெரியுமோ. அது தபித்தாளின் வாயில் இருந்தது.

காலில் இரண்டு தட்டு விழுந்தது. வலது கால். பின்புறம்.

"அசையாத," என்றாள் தபித்தாள், குனிந்தபடியே. உப்புத் துணி சில்லென்று தொட்டது.

தாழ்வாரத்திலிருந்து விசில் பறந்தது. "பிணக்கம் தீர்ந்நு!" என்று ஷிஜோ ஊருக்கே அறிவித்தான். எட்டாம் வகுப்பு கைதட்டியது. எல்லாரையும்விட உரக்கத் தட்டியவள் அமீனா. தன்னால்தான் சேர்ந்தார்கள் என்ற பெருமை அவள் முகத்தில் அப்படி வழிந்தது.

மெஹ்ரின் பல்லைக் கடித்தாள். "சீக்கிரம் எடு. பாக்கறாங்க."

"பாத்துத் தொலையட்டும்." அட்டை சுருண்டு மண்ணில் விழுந்தது. தபித்தாள் நிமிர்ந்து, தன் காலைக் காட்டியபடி திரும்பி நின்றாள். "உப்பு தீந்துருச்சு. நாளைக்கு நீ உங்க கடையில இருந்து கொண்டா."