மடித்து ஒட்டிய டேப்

குப்பைத்தொட்டியிலிருந்து அந்த ஆர்க்கிட் செடியை நான் எடுத்துவந்தது இரக்கப்பட்டு அல்ல, பழி தீர்க்க. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்பது வருடம் ஒரு கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். சின்ன ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், நான். நிர்வாகம் டாக்டரின் மனைவி, எங்களுக்கு மேடம். அவர் ஆசையாக வாங்கிவந்து என் மேசை ஓரத்தில் வைத்ததுதான் அந்த வெள்ளை ஆர்க்கிட். ஒரே தண்டு, ஏழு பூ. தண்ணீர் ஊற்றுவதும் இலையைத் துடைப்பதும் என் பொறுப்பு.

ஒரு திங்கட்கிழமை காலை பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தால், ஏழு பூவும் தலை தொங்கிக் கிடந்தன. நான் கை வைப்பதற்குள் மேடம் வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"என்ன ஆச்சு? யாரு தட்டிவிட்டது?"

"அவங்கதான தினமும் அதை நகர்த்தித் துடைக்கறாங்க" என்றார் பின்னால் நின்ற டாக்டர். பாவம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

"நான் இல்ல மேடம். இப்பத்தான் உள்ளயே வரேன்."

"செடி போனா போகுது. செஞ்சதை செய்யலன்னு சாதிக்கறீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல. பொய் சொல்றவங்க இங்க வேண்டாம்."

காத்திருந்த நோயாளிகள் அத்தனை பேரும் கேட்டார்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்கூடத் திறந்து பார்த்தார். கட்டு போடும் அறையின் கதவருகே நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஆறு வருடம் என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவள். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்கே கணக்கை முடித்துப் பின்வாசல் வழியாக அனுப்பினார்கள். அங்கே குப்பைத்தொட்டியில்தான் செடி கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். தண்டின் அடியில், இலைகள் மறைக்கிற இடத்தில், வெள்ளைக் காகித டேப் இரண்டு சுற்று. உள்ளே தண்டு முக்கால்வாசி ஒடிந்திருந்தது. யாரோ ஒடித்துவிட்டு, சத்தமில்லாமல் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

டேப்பின் நுனியைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. நுனி உள்பக்கமாகக் கொஞ்சம் மடிக்கப்பட்டிருந்தது. அந்த டேப் கட்டு போடும் அறையில்தான் இருக்கும். மேசையில் இருக்கிறவளுக்கு அங்கே வேலையே இல்லை. கண்ணில் பஞ்சு வைத்துக்கொண்டு வெளியே வருகிற ஒவ்வொருவருக்கும் டேப் இப்படித்தான் நுனி மடிந்திருக்கும். ஏன் என்று ஒருமுறை நர்ஸிடம் கேட்டிருக்கிறேன்.

"உரிக்கறப்ப தோல் வலிக்கக்கூடாதுக்கா. நுனிய மடிச்சு வெச்சா பிடிச்சு மெதுவா இழுக்கலாம்."

ஆக, அவள்தான். ஒடித்ததும் அவள், ஒட்டியதும் அவள், நான் பொய்க்காரி ஆனபோது தலையைக் குனிந்து நின்றதும் அவள். கூட உட்கார்ந்து சாப்பிட்டவளே குழி பறித்தால் அந்த வலிக்கு எந்த டேப்பை ஒட்டுவது?

அப்போதே போய்ச் சண்டை போட்டிருக்கலாம். வாடிய செடியை யார் கிட்டே வந்து பார்ப்பார்கள்? "நீயே ஒட்டியிருப்பே" என்பார்கள். பூத்த செடி என்றால் எவளும் குனிந்து பார்ப்பாள். பூக்க வைத்துக் கொண்டுபோய், எல்லார் முன்னாலும் அவள் முகத்துக்கு நேரே வைக்கவேண்டும் என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்குப் பக்கத்துத் தெரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் துடைக்கிற வேலை கிடைத்தது. மிச்ச நேரமெல்லாம் செடிக்குத்தான். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, வாடிய நுனியை ஒரு கணுவுக்கு மேலாக வெட்டினேன். வெட்டிய இடம் அழுகாமல் இருக்க லவங்கப்பட்டைப் பொடி தடவினேன். தண்டு ஆடாமல் ஒரு குச்சியை நட்டு நூலால் தளர்வாகக் கட்டினேன். டேப்பில் மட்டும் கை வைக்கவில்லை. வேர் வெளுத்தால் தண்ணீர், பச்சையாக இருந்தால் கிடையாது. இலைகளின் நடுக்குருத்தில் ஒரு சொட்டு தங்கினாலும் அழுகிவிடும் என்று துணி நுனியால் ஒற்றி எடுப்பேன்.

"செடிக்குத் தண்ணி ஊத்தறியா, சாபம் ஊத்தறியா?" என்று கேட்டார் என் கணவர். நான் உதடு அசைவது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நர்ஸ் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தாள். முதல் தடவை கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை விடாமல் தட்டினாள். "வீட்ல யாரும் இல்ல!" என்று உள்ளேயிருந்தே கத்தினேன். படி இறங்குகிற சத்தம் கேட்டது. சந்தோஷமாக இருந்தது.

ஏழாவது மாதம் டேப்புக்கு மேலிருந்த கணுவில் பச்சையாக ஒரு முளை கிளம்பியது. ஒடிந்த இடம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அது வெளிச்சத்தைப் பார்த்து வளரும்போது தொட்டியைத் திருப்பக்கூடாது, மொட்டு முறுக்கிக்கொள்ளும். ஜன்னலோரத்தில் யாரையும் நெருங்கவிடவில்லை. பதினோராவது மாதம் நான்கு பூ விரிந்தது.

கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். மேடம் வருகிற மத்தியான நேரம். என் நாற்காலியில் நர்ஸ் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா!" என்று எழுந்தாள். "உங்களுக்குப் பதிலா யாரையும் போடலக்கா. ரெண்டு வேலையும் நான்தான்."

டேப் அவள் பக்கம் தெரியும்படி தொட்டியை வைத்தேன். பதினோரு மாதம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் நாக்கு நுனியில் நின்றன. அந்த நேரம் பார்த்துக் கட்டு போடும் அறையிலிருந்து ஒரு பெரியவர் வெளியே வந்தார். கண்ணில் பஞ்சு. மேலே டேப். நான்கு நுனியும் மடிந்திருந்தன.

நர்ஸ் இங்கே என் எதிரில் நிற்கிறாள்.

"இவருக்கு யாரு கட்டு போட்டது?"

"டாக்டர்தான். கட்டு மட்டும் எப்பவும் அவரேதான் போடுவாரு. என்னைத் தொட விடமாட்டாரு."

"மடிச்சு ஒட்டறது நீன்னுதான..."

"ஏன் மடிக்கறாங்கன்னு கேட்டீங்க, சொன்னேன். யாரு ஒட்டறதுன்னு நீங்க கேக்கவே இல்லயேக்கா."

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். என் கோபம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை, விலாசம்தான் மாறியது.

மேடம் உள்ளே வந்தார். பூவைப் பார்த்ததும் நேராக மேசைக்கு வந்து குனிந்தார்.

"இது நான் வாங்கின செடிதானே?"

"ஆமாம் மேடம். குப்பையில போட்டது. அடியில இருக்கற டேப்பைப் பாருங்க. உங்க ஆளுங்க ஒட்டினது."

மேடம் நகத்தால் அந்த மடிப்பை நிமிண்டினார். நிமிர்ந்து பெரியவரின் கண்ணைப் பார்த்தார். மறுபடி தண்டைப் பார்த்தார். அறை வாசலுக்கு வந்த டாக்டரின் சுண்டுவிரலில் டேப் சுருள் மாட்டியிருந்தது.

"ஏங்க" என்றார் மேடம். அவ்வளவுதான்.

"அது... அன்னிக்கு சார்ஜரை எடுக்கறப்ப கை பட்டுருச்சு. நீ ஆசையா வாங்கினதாச்சேன்னு... ஒட்டினா சேர்ந்துக்கும்னு நினைச்சேன்."

"சேர்ந்துருச்சு டாக்டர்" என்றேன். "நீங்க போட்ட கட்டு சோடை போகல."

பெரியவர் ஒற்றைக் கண்ணால் சிரித்தார். டாக்டரின் காது சிவந்தது. பதினோரு மாதம் காத்ததற்கு அந்தக் காதுகள் போதும். ஆனாலும் நான் விடவில்லை.

"பொய் சொல்றவங்க இங்க வேண்டாம்னு சொன்னீங்களே மேடம், இப்ப யாரை அனுப்பப் போறீங்க?"

"நாளைக்கே வந்து சேந்துக்கங்க" என்றார் மேடம், என்னைப் பார்க்காமல்.

"வேண்டாம் மேடம். எனக்கு வேலை இருக்கு."

டாக்டர் தன் நாற்காலியில் உட்கார்ந்தால் நேரே தெரிகிற மாதிரி தொட்டியைத் திருப்பி வைத்தேன். நர்ஸிடம் சொன்னேன்: "வேர் வெளுத்தா மட்டும் தண்ணி ஊத்து. பூ உதிர்ந்தாலும் டேப்பை மட்டும் எடுத்துடாதே."

"சரிக்கா" என்றாள். வாசல் வரைக்கும் கூடவே வந்தாள். படியில் நின்று மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்கு வீட்ல யாரும் இல்லன்னு நீங்கதான கத்துனீங்க?"

"ஆமாம்."

"பொய்தான?"

பஸ் வருகிறதா என்று தெருவைப் பார்த்தேன். வரவில்லை. "பொய்தான்" என்றேன்.