எஸ்தரா, ஈஸ்டரா

பல் மருத்துவமனையில் செயற்கைப் பல் செட் செய்பவள் அவள். முப்பத்தொரு வருடமாக அவள் பெயர் ஈஸ்டர். பாஸ்போர்ட் அலுவலகத்து எழுத்தர்தான் முதன்முதலாக அந்தப் பெயரில் பேனாவை ஊன்றி நிறுத்தினார்.

“இது எஸ்தர்தானே? எழுத்துப் பிழைன்னா இப்பவே சொல்லிடுங்க.”

ஈஸ்டர்தான் என்றாள். அவர் பிறந்த தேதியைப் பார்த்தார். நவம்பர். அப்புறம் ஏன் இந்தப் பெயர் என்று கேட்டார். மூக்கு ஏன் நடுவில் இருக்கிறது என்று யாராவது யோசிப்பார்களா? வேண்டுமானால் இணையத்திலேயே திருத்தலாம், ஒரு வாரம் அவகாசம் உண்டு என்றார் அவர்.

பணியிடத்தில் பல் அச்சில் ஊற்றிய மாவு இறுகும்வரை ஈஸ்டரைப் பற்றிப் போனில் தேடினாள். இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும், நிலவைப் பார்த்து நாள் மாறும் பண்டிகை, ஆனால் ஏப்ரல் இறுதியைத் தாண்டாது. அத்தைக்குப் போன் போட்டாள். உங்கப்பனுக்கும் எழுத்துக்கும் எப்போதும் தகராறுதான் என்று அத்தை சிரித்தாள்.

சாயங்காலம் நேரே பெற்றோர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டாள். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாதான் வாய் திறந்தாள்.

“எஸ்தர்னுதான் முடிவு பண்ணி வெச்சிருந்தோம். நீ பொறந்து அழவே இல்ல. துணியால மூடி ஓரமா வெச்சுட்டாங்க.”

ஒருதரம் முகம் பார்க்கிறேன் என்று அப்பா கெஞ்சியிருக்கிறார். துணியை விலக்கியதும் குழந்தை காலை உதறியது.

“பேரைப் பதிய நர்ஸ் வந்தப்ப எஸ்தர்னு சொல்லத்தான் வாயெடுத்தேன்,” என்றார் அப்பா. “இதுதான் வந்துச்சு.”

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“உன்னை மூடி வெச்ச கதைய எப்படிம்மா சொல்றது?” என்றாள் அம்மா.

பிறகு அவள் போனை எடுத்து விண்ணப்பத்தில் ‘திருத்தம் இல்லை’ என்று குறித்து அனுப்பினாள்.

“அந்த வார்த்தைக்கு நெஜமா என்ன அர்த்தம்?” என்று கேட்டார் அப்பா.

விடியல் என்கிறார்கள் சிலர், பழைய தெய்வம் ஒன்றின் பெயர் என்கிறார்கள் சிலர், யாருக்கும் உறுதியாகத் தெரியாது, பல மொழிகளில் அதைப் பாஸ்கா என்கிற மாதிரிதான் சொல்கிறார்கள் என்றாள்.

“பாஸ்கான்னா?”

“கடந்து போறது.”

அப்பா அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். வேறு எந்தெந்த மொழியில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டார். அவள் தேடி ஒவ்வொன்றாக வாசிக்க, அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.