வாடகை அக்கா

என் முதல் பிரசவத்தை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. அறையின் சுவர் பச்சை என்பேன் நான். வெள்ளை என்பார் கணவர். மின்விசிறி ஓடவில்லை என்பேன்; ஓடியது, கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது என்பார் அத்தை. சுவரும் விசிறியும் எப்படியோ போகட்டும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். டாக்டர் "பண்ணிடலாமா?" என்று கேட்டபோது நான் சரி என்று சொன்னேனா?

நான் தலையாட்டியதாக அத்தை சொல்கிறார். என் கணவரின் அம்மா அவர்; பொய் சொல்லும் ஆள் இல்லை. கணவரோ, "நீ ஒண்ணுமே சொல்லல. அதனால சரின்னு நினைச்சுட்டாங்க" என்கிறார். ஆஸ்பத்திரித் தாளில், விளக்கிச் சொல்லப்பட்டது, ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருக்கிறது. எனக்கு நிச்சயமாக நினைவிருப்பது அத்தையின் குரல் மட்டும். "அவ அப்படித்தான் டாக்டர், பேசமாட்டா. நீங்க பண்ணுங்க."

பண்ணினார்கள். ஒருவர் என் வயிற்றின் மேல் முழங்கையை ஊன்றி அழுத்தினார். கீழே வெட்டினார்கள். பையன் நன்றாகத்தான் பிறந்தான். தையல் ஆற ஏழு வாரம் ஆயிற்று. இருமினால் உயிர் போய் வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "ஒரு சத்தம் இல்லாம பெத்துட்டாளாமே" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

நான் அதிகம் பேசாதவள் என்பது உண்மைதான். என் வேலையும் அப்படி. அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். மருந்துப் பெட்டிக்குள் நாலாக மடித்து வைத்திருப்பார்களே, யாரும் பிரித்துப் படிக்காத தாள், அதைப் பிரித்துப் படிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். ஒரு அளவுகோலை வரிக்குக் கீழே வைத்து, உருப்பெருக்கியை நகர்த்தி நகர்த்திப் போக வேண்டும். 'கொடுக்கக் கூடாது' என்பதில் 'கூடாது' விட்டுப்போனால் யாராவது செத்துப்போவார்கள். பின்னால் மடிப்பு மெஷின் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்கும். எட்டு மணி நேரத்தில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். எனக்கு அது குறையாகத் தெரிந்ததே இல்லை. நான் பேசாமல் இருக்கும்போது ஒன்றும் நினைக்காமல் இருக்கிறேன் என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் தெரியாமல் போயிற்று.

நான்கு வருடம் கழித்து மறுபடி உண்டானேன். ஐந்தாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"ஒரு டூலாவை வெச்சுக்கப் போறேன்."

"என்னது அது? எங்க மாட்டணும்?" அவர் லிஃப்ட் மெக்கானிக். எதைச் சொன்னாலும் அதை எங்கே மாட்டுவது என்றுதான் முதலில் யோசிப்பார்.

"ஆள். பொம்பள. பிரசவம் முடியிறவரைக்கும் கூடவே இருப்பாங்க. வலி வந்தா முதுகைப் பிடிச்சுவிடுவாங்க, நடக்கவைப்பாங்க, பக்கத்துலயே நிப்பாங்க."

"நர்ஸா?"

"இல்ல. ஊசி போடமாட்டாங்க. வைத்தியம் எதுவும் பண்ணமாட்டாங்க."

"அப்ப என்னதான் பண்ணுவாங்க?"

"சொன்னேனே. நிப்பாங்க."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அத்தைக்கு எல்லாம் கேட்டிருந்தது. "நிக்கிறதுக்கு ஒரு ஆளா? நான் என்ன படுத்துட்டா இருக்கேன்?" என்றார். பிறகு, "வீடு வாடகைக்கு எடுத்தாங்க, கார் வாடகைக்கு எடுத்தாங்க, இப்ப அக்காவையும் வாடகைக்கு எடுக்கிறாங்களா? நல்லா இருக்குடியம்மா உன் கூத்து."

அன்று முதல் எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணுக்கு வாடகை அக்கா என்றே பெயர். பிற்பாடு அவரிடமே சொன்னேன். "பரவாயில்ல, நான் அட்வான்ஸ் கேக்கலைல்ல" என்று சிரித்தார்.

சலவைக் கடைக்கு மேலே ஒரு மாடி அறையில் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். தரையில் இரண்டு பாய், ஒரு பெரிய ரப்பர் பந்து, சுவரில் கொக்கி அடித்துத் தொங்கவிட்ட நீளமான துணி. கீழேயிருந்து இஸ்திரி ஆவியின் வாசம் வந்துகொண்டே இருந்தது. ஐம்பது வயதிருக்கும். அகலமான தோள். முன்பு பதினோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தாராம்.

"அங்கேருந்து எப்படி இதுக்கு வந்தீங்க?"

"ஓடுற பஸ்ல ஒரு பொண்ணுக்கு வலி வந்திடுச்சு. ஆஸ்பத்திரி வரைக்கும் என் கையைப் பிடிச்சுட்டு வந்தா. நான் ஒண்ணுமே பண்ணல. ஆனா இறங்கும்போது கையை விடமாட்டேன்னுட்டா. அப்பதான் தெரிஞ்சுது, இதுக்கும் ஒரு ஆள் தேவைன்னு. அப்புறம் போய் முறையாப் படிச்சேன். நிக்கிறதுக்கு மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கல."

பிறகு என்னைக் கேட்டார். "வலி வந்தா நீங்க எப்படி? கத்துவீங்களா, திட்டுவீங்களா? சில பேர் கடிப்பாங்க. முன்னாடியே சொல்லிட்டா முழுக்கை போட்டுட்டு வருவேன்."

"பேசாம ஆயிடுவேன்."

அவர் சிரிக்கவில்லை. நான் முதல் பிரசவத்தைச் சொன்னேன். யாரிடமும் அவ்வளவு நீளமாக நான் எதையும் சொன்னதில்லை. நடுவில் பல தடவை நிறுத்தினேன். நிறுத்திய இடங்களில் அவர் குறுக்கே வரவில்லை. கீழே இஸ்திரிப் பெட்டி வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. முடிவில், "என் மௌனத்தைப் புரிஞ்சுக்கிட்டு எனக்காக நீங்க பேசணும்" என்றேன்.

"மாட்டேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. எழுந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"உங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒண்ணைச் சொன்னா அதுவும் உங்க மாமியார் சொன்ன மாதிரிதான். உங்களுக்காகப் பேசமாட்டேன். ஆனா நீங்க பேசுறவரைக்கும் எல்லாரையும் நிறுத்திவைக்கிறேன். அது எனக்கு நல்லா வரும். புட்போர்டுல தொங்குறவங்களை உள்ள ஏத்தாம விசில் கொடுத்ததே இல்ல நான்."

இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் ஒரு புது விதி இருந்தது. பிரசவ அறைக்குள் ஒரே ஒருவர்தான் வரலாம். எட்டாம் மாதத்தில் பதிவு செய்யப் போனபோது, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு தாளை நீட்டினாள். கூட வருபவர் என்று போட்டு ஐந்து கட்டங்கள்: கணவர், தாய், மாமியார், சகோதரி, பிற உறவினர்.

"இதுல யாரும் இல்ல" என்றேன்.

"யாராவது ஒருத்தருக்கு டிக் போடுங்க மேடம். சும்மா சகோதரின்னு போடுங்க. யார் பாக்கப்போறா?"

நான் பார்ப்பேனே. தப்பான தாளில் சரி என்று குறி போட எனக்குக் கை வராது. பேனாவை எடுத்து ஐந்தாவதற்குக் கீழே, அதே அளவில், கோடு பிசகாமல் ஆறாவதாக ஒரு கட்டம் வரைந்தேன். பக்கத்தில் 'பிரசவத் துணை' என்று எழுதிக் குறி போட்டுக் கையெழுத்திட்டேன். அவள் தாளை வாங்கி, என்னைப் பார்த்து, மறுபடி தாளைப் பார்த்தாள். அச்சடித்தது போலவே இருந்ததால் முத்திரையைக் குத்திவிட்டாள்.

வீட்டில்தான் குத்து வேறு மாதிரி விழுந்தது.

"அப்ப நான்?" என்றார் கணவர். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வெளியில இருங்க."

"என் குழந்தை பிறக்கும்போது நான் வெளியில, யாரோ ஒரு பொம்பள உள்ளயா?"

"போன தடவை நீங்க உள்ள இருந்தீங்க."

டப்பா கழுவி முடிந்துவிட்டது. அவர் அதையே மறுபடி கழுவினார். குழாயை மூட மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவர் நல்லவர். முதல் பிரசவத்தின்போது என் தலைமாட்டில் நின்று நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். டாக்டர் கேட்டபோது என் முகத்தைப் பார்க்காமல் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான் அவர் செய்தது.

அத்தை இரண்டு வாரம் என்னுடன் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் என்னோடு யாரும் போட்டி போட முடியாது. கடைசியில் அவராகவே வந்து, "அந்த வாடகை அக்காவுக்கு டீயில சக்கரை எவ்வளவு?" என்று கேட்டார். சமாதானம் இல்லை, விசாரணை.

வலி ஒரு செவ்வாய்க்கிழமை காலை அச்சகத்தில் தொடங்கியது. இருமல் மருந்துத் தாளின் இரண்டாம் பக்கத்தில் இருந்தேன். எந்த வரியில் நிறுத்தினேன் என்று பென்சிலால் குறித்துவிட்டு எழுந்தேன். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி. அக்கா எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார், கையில் ஒரு பை, காலில் கேன்வாஸ் ஷூ.

அடுத்த நாலரை மணி நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. அறைக்குள் ஜன்னலிலிருந்து கதவுவரை ஒன்பது அடி. அந்த ஒன்பது அடியை எத்தனை தடவை நடந்தோமோ. வலி ஏறும்போது அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவேன். அவர் கால்களை அகட்டி, ஆடாமல் நிற்பார். இடுப்பின் அடியில் உள்ளங்கையை வைத்து அழுத்துவார். வெந்நீரில் நனைத்த துண்டு. ஒரு வாய் தண்ணீர். "வருது… ஏறுது… இப்ப உச்சி… இறங்குது." அவ்வளவுதான் பேச்சு. நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவரும் பேசச் சொல்லவில்லை.

மூன்றரை மணிக்கு டாக்டர் வந்தார். கெட்டிக்காரர், அவசரக்காரர். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ரொம்ப மெதுவாப் போகுது. ட்ரிப்ல மருந்து போட்டு வலியைக் கூட்டிடலாம். சரியா?" என்றார்.

நான் பேசவில்லை. நர்ஸ் அதற்குள் பாட்டிலைக் கொக்கியில் மாட்டிவிட்டாள்.

"டாக்டர், அவங்க இன்னும் பதில் சொல்லல" என்றார் அக்கா.

"சொல்லலன்னா சரின்னுதானேம்மா அர்த்தம்?"

"சொல்லலன்னா, இன்னும் சொல்லலன்னு அர்த்தம்."

டாக்டர் உள்ளே வந்தபோது கதவு பாதி திறந்தே கிடந்தது. அத்தை தாழ்வாரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். நான் எதிர்பார்த்த அதே வார்த்தைகள், அதே வரிசையில் வந்தன. "அவ அப்படித்தான் டாக்டர், பேசமாட்டா. நீங்க…"

"அம்மா, கொஞ்சம் சும்மா இரு" என்று வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. என் கணவருடையது.

நர்ஸின் கை பாட்டிலின் மேல் அப்படியே நின்றது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வலி ஏறி உச்சிக்குப் போய் இறங்கியது. அது முழுவதும் ஐந்து பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். வாழ்க்கையில் அப்படி எனக்காக யாரும் காத்திருந்ததில்லை. அவசரமே இல்லாமல் யோசித்தேன்.

"குழந்தையோட இதயத்துடிப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு."

"எனக்கு ஏதாவது ஆபத்தா?"

"இப்போதைக்கு இல்ல."

"அப்ப ஒரு மணி நேரம் வேணும்."

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "துடிப்பு இறங்கினா நான் கேட்டுட்டெல்லாம் நிக்கமாட்டேன்."

"இறங்கினா கேளுங்க. சீக்கிரமாப் பதில் சொல்றேன்."

அவர் போனதும் அக்கா என் முகத்தைத் துடைத்துவிட்டார். "பேசமாட்டீங்கன்னு பேரு. டாக்டரம்மாவுக்கு வேர்த்துடுச்சு பாருங்க" என்றார்.

அந்த ஒரு மணி நேரம் நடந்தோம். அக்கா பையில் கொண்டுவந்து ஊதிவைத்திருந்த பந்தின் மேல் உட்கார்ந்து ஆடினேன். நர்ஸ் மூன்று முறை வந்து துடிப்பைக் கேட்டுவிட்டுப் போனாள். பெரிதாக ஒன்றும் முன்னேறவில்லை. நாலரைக்கு டாக்டர் வந்து பார்த்தார். என்னிடம் நேராகத் திரும்பி, முதல் தடவையைவிட மெதுவாகக் கேட்டார். என்ன மருந்து, எவ்வளவு வேகத்தில் ஏறும், வலி எவ்வளவு கூடும் என்று சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன்.

"போடுங்க" என்றேன்.

அவரால் நம்ப முடியவில்லை. "நான் சொன்னதும் இதேதானே? இதுக்கா ஒரு மணி நேரம்?"

"ஆமா. இதுக்குத்தான்."

மருந்து ஏறியதும் வலி வேறு ஆளாகிவிட்டது. அதை விவரிக்கப்போவதில்லை. கடைசியில் ஒரு நர்ஸ் என் வயிற்றின் மேல் கை வைக்க வந்தாள். "தொடாதீங்க" என்றேன். நான் சாதாரணமாகச் சொன்னதாகத்தான் என் நினைவு. தாழ்வாரத்தின் கோடியில் இருந்த டீக்கடைக்காரருக்குக் கேட்டதாகக் கணவர் சொல்கிறார். அவள் கையை எடுத்துவிட்டாள். ஆறு மணி பத்து நிமிடத்துக்குப் பெண் பிறந்தாள். யாரும் வெட்டவில்லை. பாராட்டவும் யாரும் வரவில்லை. ஊரைக் கூட்டிப் பெற்றவள் என்று பெயராகிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது.

பெண்ணுக்கு இப்போது ஆறு வயது, சளசளவென்று பேசுகிறாள். பையனுக்குப் பத்து, அவன் என்னைப் போல. கணவர் அதே லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டார். அத்தை எங்களோடுதான் இருக்கிறார். அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை, அவரும் வருந்தவில்லை, நானும் வருந்தவில்லை. டாக்டர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அக்கா முழங்கால் வலியால் மாடி அறையை விட்டுவிட்டுத் தரைத்தளத்துக்கு மாறிவிட்டார், வேலையை விடவில்லை. நான் அதே அச்சகத்தில், அதே மேசையில் இருக்கிறேன். மூன்றாவது குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அதை வீட்டில் எல்லோரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.