சகலை சிபாரிசு செய்த ஐந்து பாகம்

குடிநீர் நிலையத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவருக்குத் தன் சகலையைக் கண்டாலே ஆகாது. மனைவியின் அக்கா புருஷன் அவர். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். நோய் பரவிய வருடம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, வாசலில் வந்திறங்கிய காய்கறியைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவியவர். அந்த நாட்களில் ஆபரேட்டர் ஒரு ஷிப்டு தவறாமல் வேலைக்குப் போய் வந்தார்.

ஒருநாள் மாமனார் வீட்டுச் சாப்பாட்டுக்குச் சகலை ஒரு பை நிறையப் புத்தகத்தோடு வந்தார். கொள்ளைநோயில் உலகமே அழிந்தபின் மிஞ்சியவர்கள் பிழைக்கிற கதை, ஐந்து பாகம். நாளைக்கு நம் கதியும் இதுதான், எல்லாரும் படித்தே தீரவேண்டும் என்று முழங்கினார். கடைசியில் நாயகன் புது நகரம் கட்டுகிற இடத்தில் அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டதாம். மாமியார் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க முதல்ல எடுத்துட்டுப் போங்க, சகலை. உங்க மாதிரி ஆளுங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்."

'உங்க மாதிரி ஆளுங்க' சுருக்கென்று தைத்தது. குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே ஆபரேட்டர் பையை வாங்கிப் போனார்.

மோட்டார் அறையில் மீட்டர் குறித்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் படித்தார். முதல் பாகத்திலேயே சிரிப்பு வந்தது. ஊரில் ஈ காக்கை இல்லாமல் எல்லாரும் செத்து எட்டு மாதம். நாயகன் மூன்றாம் மாடியில் ஷவரைத் திறந்து ஜம்மென்று குளிக்கிறான். மோட்டாரைப் போட்டது யார், அவன் பாட்டனா? தண்ணீர் சுவருக்குள்ளேயே ஊறுகிறது என்று எழுதினவனுக்கு நினைப்பு. காறித் துப்பாத குறையாகப் பக்கங்களைப் புரட்டினாலும், வீம்புக்கு மூன்று பாகத்தை முடித்தார்.

நாலாம் பாகத்தில் சரியாக வெட்டுப்படாத தாள்கள் ஒட்டிக்கொண்டே இருந்தன. பிளேடால் கீறித்தான் பிரிக்க முடிந்தது. ஐந்தாவதும் அப்படியே. அதில் நாயகன் நகரமும் கட்டவில்லை, மண்ணாங்கட்டியும் கட்டவில்லை. பாதியிலேயே காய்ச்சல் கண்டு செத்துப்போனான். அன்று ராத்திரியே ஆபரேட்டர் இதை மனைவியிடம் சொன்னார்.

அடுத்த முறை எல்லாரும் கூடியபோது, சகலை மைத்துனனிடம் அந்த நகரத்துக்கு இரண்டு கோபுரமும் ஒரு பாலமும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆபரேட்டரைக் கண்டதும், "எப்படி சகலை, முடிவு?" என்றார்.

போட்டு உடைக்கத்தான் வாயெடுத்தார் ஆபரேட்டர். இந்த மனுஷன் அதற்கொரு சமாதானம் சொல்வார், அதையும் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த மரியாதைக்குக்கூட இவர் லாயக்கில்லை என்று பட்டது.

"பிரமாதம். நீங்க சொன்ன மாதிரியேதான்."

சகலைக்கு முகமெல்லாம் பல். "பார்த்தீங்களா, இவரையே அசத்திடுச்சு," என்று மாமியார் பக்கம் திரும்பினார். ஆபரேட்டரின் மனைவிதான் சிரிப்பை அடக்கமாட்டாமல் எழுந்து உள்ளே போனாள்.