இடது பக்கம்

வேதமுத்து குடிக்க மாட்டார் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் ஞானகுமாரி அவரைக் கட்டிக்கொண்டாள். சொல்லிக்கொள்கிற மாதிரி வேறு எதுவும் அந்த மனிதரிடம் அப்போது இல்லை. சொந்த வீடு கிடையாது, நிரந்தர வேலை கிடையாது, முகம் முழுக்க அம்மைத் தழும்பு. ஆனால் ஞானகுமாரியின் அப்பா குடித்தே குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தியவர். அதனால் பெண் பார்க்க வந்தவரிடம் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"குடிப்பியா?"

"மாட்டேன்."

கல்யாணம் முடிவாகிவிட்டது. அந்த வார்த்தையை வேதமுத்துவும் காப்பாற்றினார். குத்தம்பாக்கம் காலனியில் சனிக்கிழமை சாயங்காலமானால் எந்த வீட்டில் என்ன உடையும் என்று எல்லாருக்கும் தெரியும். ஞானகுமாரியின் வீட்டில் மட்டும் எதுவும் உடையாது. அந்தக் கர்வம் அவள் நடையிலேயே தெரியும். சர்ச்சில் முன் வரிசையில் போய் உட்காருவாள்.

குத்தம்பாக்கத்தில் ஆள் ஏற்றி, பூந்தமல்லி வழியாகப் பாடியில் இருக்கும் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்குக் கொண்டுபோய் விடுகிற பஸ்ஸை வேதமுத்து ஓட்டினார். காண்டிராக்ட் வண்டி. அதே கம்பெனியில் பேக்கிங்கில் ஞானகுமாரிக்கு வேலை. ஷிப்ட் ஒத்துப்போகிற வாரங்களில் புருஷன் வண்டியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து போவாள்.

போன வருஷம் மண்ணூர்பேட்டையில் லட்சுமணனை வண்டி இடித்தபோதும் அவள் அங்கேதான் இருந்தாள். லட்சுமணன் வாட்ச்மேன். சைக்கிளில் டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்த மனுஷன். முன் சக்கரம் ஏறி ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போயிற்று. "குடிச்சிட்டு ஓட்றான், புடி அவன" என்று கூட்டம் வேதமுத்துவின் சட்டையைப் பிடித்தது. ஞானகுமாரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"எங்க ஊட்டுக்காரரு ஒரு சொட்டு தொடமாட்டாரு. பைபிள் மேல சத்தியம். ஊத வச்சிப் பாரு! அந்த ஆளுதான் ராங் சைடுல வந்து வுழுந்தாரு. நான் என் கண்ணால பாத்தேன்."

போலீஸ் வந்து ஊத வைத்தார்கள். ஒன்றும் இல்லை. குடிக்காத டிரைவர், கண்ணால் பார்த்த சாட்சி. தப்பு லட்சுமணன் பேரிலேயே எழுதப்பட்டது. உண்மையில் ஞானகுமாரி எதையும் பார்க்கவில்லை. ராங் சைடில் வந்தான் என்று வேதமுத்து சொன்னார். அவர் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. அதனால் நம்பினாள், நம்பியதைப் பார்த்ததாகவே சொல்லிவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தபோது, பயத்தில் வந்தது என்று நினைத்து, சுக்கை அரைத்து நெற்றியில் பத்துப் போட்டுவிட்டாள்.

அந்தத் தலைவலி பயத்தில் வந்ததில்லை. அதற்கு முன்பே அவருக்கு வந்துகொண்டுதான் இருந்தது. முதலில் பார்வையின் இடது பக்கம் ஒரு சின்ன வெளிச்ச மினுக்கல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடின் பல் மாதிரி வளைந்து வளைந்து பெரிதாகும். அதற்குள் இருக்கிற எதுவும் தெரியாது. இருட்டாகக்கூட இருக்காது, அந்த இடமே இருக்காது. கொஞ்ச நேரத்தில் அந்த வெளிச்சம் போய்விடும். பிறகு ஒரு பக்கத்து மண்டையில் ஆணி அடிக்க ஆரம்பிக்கும். மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தின்பார், தைலம் தேய்ப்பார். கண்ணாடிக் கடையில் சோதித்துப் பார்த்தவன், "பவர் எதுவும் இல்ல அண்ணாத்தே" என்று அனுப்பிவிட்டான். அப்படியானால் மூளையில் கட்டிதான் என்று வேதமுத்து தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. கூட ஓட்டிய சிவராமனுக்கு ஷெட்டில் ஒரே ஒரு தடவை வலிப்பு வந்தது. அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கிறான். சரண் என்று இன்னொருவன், முழுப் போதையில் ஸ்டியரிங் மேலேயே தூங்கினவன். ஒரு வாரம் வண்டி தராமல் நிறுத்தி வைத்தார்கள், சூப்பர்வைசர் காலில் விழுந்தான், திரும்ப வண்டி கொடுத்துவிட்டார்கள். குடிகாரன் திருந்துவான் என்று முதலாளிகளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. நோயாளி விஷயத்தில் அந்தத் தயவு கிடையாது. வேதமுத்து இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இந்தச் சித்திரையில் ஒரு நாள் மதிய ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனார். ஞானகுமாரிக்கு அந்த வாரம் காலை ஷிப்ட். வெயில் கண்ணாடியில் அடித்தது, காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. அயனம்பாக்கம் தாண்டியதும் மினுக்கல் வந்தது. இடது பக்கத்துச் சாலையோரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயிற்று. லட்சுமணன் ஞாபகம் வந்தது. வண்டியை ஓரங்கட்டினார்.

"இன்னாண்ணா, இன்னா ஆச்சு?"

"பிரேக் புடிக்கல."

பொய்யைச் சொன்ன பிறகுதான் அதன் வால் தெரிந்தது. சூப்பர்வைசருக்குப் போன் போய்விட்டது, மெக்கானிக்கோடு வந்துகொண்டிருக்கிறார். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் நிறுத்தினாய் என்பார்கள். எதிரே டாஸ்மாக் போர்டு. அதிலும் வலது பாதி எழுத்துதான் தெரிந்தது. வேதமுத்து ரோட்டைக் கடந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குவார்ட்டர் பிராந்தி வாங்கி, தண்ணீர்கூடக் கலக்காமல், மருந்து குடிக்கிற மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். பைத்தியக்கார மனுஷன்!

சூப்பர்வைசர் வந்து அவர் வாயை மோந்து பார்த்தார். "நீயுமா வேதமுத்து? உன்ன எவ்ளோ நம்பினேன். ஒரு வாரம் ஊட்ல கெட. அப்பால வந்து மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வண்டி எடு." கணக்கு அச்சுப் பிசகாமல் நடந்தது.

வீட்டுக் கணக்கைத்தான் அவர் போடவில்லை. ஞானகுமாரியிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் பஸ்ஸில் வந்த பெண்களின் போன்கள் அவரை முந்திக்கொண்டன. தலை இரண்டாகப் பிளக்க, பிராந்தி அதில் எண்ணெய் ஊற்ற, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அவள் கத்தவில்லை. கிட்டே வந்து, சின்ன வயதில் அப்பாவிடம் செய்தது போலவே, அவர் வாயை மோந்தாள்.

"தலவலிம்மே..."

"எங்கப்பாவுக்கும் தலவலிதான்."

வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னால் வண்டி ஓட்ட விடமாட்டாள். அதோடு விடாமல் துருவுவாள், அது எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். உள்ளே போய்ப் பாயில் சுருண்டுகொண்டார். அந்த வாரம் முழுக்க அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அதைப் பார்த்தபோது வேதமுத்துவுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

வண்டி எடுக்க வேண்டிய நாளுக்கு முன்னால் ஆவடிப் பக்கம் குடியை நிறுத்துகிற ஆஸ்பத்திரிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா சின்னப் பெண், ஆனால் அவசரப்படாதவர்.

"எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?"

"ஒரு நாள்தாம்மா."

ஞானகுமாரி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. மினுக்கல், ஆக்சா பிளேடு, பிரேக் பொய், மூக்கைப் பிடித்துக் குடித்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டாக்டர் ஒரு தாளில் வளைந்த பல் கோடு ஒன்றைப் போட்டுக் காட்டினார்.

"இப்படியா இருக்கும்?"

வேதமுத்து அதைப் பார்த்துக் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். இவ்வளவு காலமும் தன் மண்டைக்குள் மட்டும் இருந்ததை இன்னொருவர் பேனாவால் வரைந்துவிட்டார்.

"இதுக்குப் பேரு ஒற்றைத் தலைவலி. சிலருக்கு வலிக்கு முன்னாடி இந்த வெளிச்சம் வரும். ஸ்கேன் ஒண்ணு பார்த்துடலாம், ஆனா நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா கட்டி மாதிரி தெரியல. பட்டினி, தூக்கம் கெடறது, வெயில் எல்லாம் இதைக் கிளப்பிவிடும். கடையில வாங்கி ஓயாம முழுங்கற மாத்திரையே வலியைக் கூட்டும். வராம தடுக்க மருந்து இருக்கு, தரேன். அது கேக்குதான்னு பார்த்து நான் சொல்ற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது." பிறகு ஞானகுமாரியிடம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர் குடிகாரர் இல்லம்மா."

அவள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. பட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "லூசாயா நீ? என்னாண்ட சொல்லக்கூடாதா?" வேதமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் மேஜை மேல் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டாக்டர், இது வர்றப்போ அந்தப் பக்கம் ஒரு ஆள் வந்தா தெரியுமா?"

"தெரியாதும்மா. பக்கத்துலயே வந்தாலும் தெரியாது."

ஞானகுமாரி கையை எடுத்துக்கொண்டாள்.

"மண்ணூர்பேட்டைல அன்னிக்கு இது வந்துச்சா?"

அவர் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"உன்னத்தான்யா கேக்கறேன். வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்போ அவரு ராங் சைடுல வரல."

"தெரிலம்மே. நான் அவரப் பாக்கவே இல்ல."

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். மருந்துச் சீட்டை வாங்கிப் பத்திரமாக உள்ளே வைத்தாள்.

"எந்திரி. லட்சுமணன் ஊட்டுக்குப் போலாம்."

"இப்பவா? இன்னாத்துக்கும்மே?"

"நானும் பாக்கலன்னு சொல்லணும்."