எட்டாவது சிப்பாய்

...ஓட வேண்டியவன் ஏன் ஓடவில்லை, ஏழு பேர் செத்தாயிற்று, குண்டு இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது, இவன் மட்டும் பள்ளத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான், சுடவும் இல்லை, கையைத் தூக்கவும் இல்லை, சனியனே, எழுந்து ஓடித் தொலையேன்... ஆபீஸில் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள், நான் கம்ப்யூட்டரில் அதே சண்டையைப் பத்தாவது முறையாக ஓட்டிப் பார்க்கிறேன். இந்தப் போர் விளையாட்டில் சிப்பாய்களின் பயம் என் இலாகா. எத்தனை பேர் விழுந்தால் மிச்சப் பேர் எப்போது கலைவார்கள் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது, இதற்குச் சம்பளம் வேறு. விளையாடிப் பார்த்துப் பிழை சொல்லும் பெண் காலையிலேயே வந்து, “சார், உங்க ஆளு ஒருத்தன் பிடிச்சு வெச்ச மாதிரி உக்காந்திருக்கான், அவனுக்கு பயமே கிடையாதா, இல்ல நீங்க எழுத மறந்துட்டீங்களா?” என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். ஐந்து மணிக்குள் அவனை ஓட வை, இல்லாவிட்டால் சரணடைய வை என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். பதினாறு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன், ஒரு சண்டையில் அவன் குழுவில் உயிரோடு திரும்பி வந்தது அவன் ஒருவன்தான், அது எனக்குத் தெரியும், தெரிந்தும் கேட்டேனே... அவன் வீட்டுச் சமையலறையில், அவன் என் தட்டில் பரிமாறிக்கொண்டிருக்கும்போது, “பத்து பேர்ல எத்தனை பேர் செத்தா மத்தவங்க ஓடுவாங்க? தோராயமா ஒரு நம்பர் சொல்லுண்ணா, போதும்.” நம்பராம். என் வாயில் மண்ணைப் போட. கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தான். “சாப்ட்டுட்டுக் கெளம்புடா,” அவ்வளவுதான். இருபத்தாறு நாளாகிறது, போனை எடுப்பதில்லை. அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருவன், அவனுக்கும் நான் ஒருவன், அதையும் கெடுத்துக்கொண்டாயே, நீயெல்லாம் ஒரு தம்பியா? ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியோடு வாக்குவாதம் செய்கிறேன். போன வாரம் ராங் நம்பரில் வந்தவரிடம் நாலு நிமிஷம் பேசினேன், கடைசியில் அவரே, “சரிங்க, உடம்பப் பாத்துக்கங்க” என்று சொல்லிப் போனை வைத்தார்.

இதோ... கிடைத்துவிட்டது. பயம் பக்கத்து ஆளிடமிருந்து தொற்றும்படி எழுதியிருக்கிறேன், தைரியமும் அப்படித்தான், அவன் நின்றால் இவன் நிற்பான், அவன் ஓடினால் இவனும் ஓடுவான். பக்கத்தில் ஆளே இல்லையென்றால்? எழுதவே இல்லை. யாருமில்லாதவனுக்கு என்ன ஆகும் என்று தோன்றவே இல்லை, அதுவும் எனக்கு! திருத்த ஒரு வரி போதும். ஓடுவான் என்று எழுதினேன், அழித்தேன். சரணடைவான், அதையும் அழித்தேன். எது நிஜம்? அண்ணன் அன்றைக்கு என்ன செய்தான், எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான், யார் வந்து கூட்டிப்போனார்கள்... சீ, போதும், மன்னிப்புக் கேள், முதலில் அதைச் செய். தப்புதாண்ணா, இந்த ஞாயித்துக்கிழமை வரட்டுமா, இவ்வளவுதானே சொல்ல வேண்டும். போன் போட்டாயிற்று, அந்தப் பக்கம் மணி அடிக்கிறது, நாலு, ஐந்து, எடுக்கமாட்டான், ஆறு...

“சொல்றா.”

குரல் கரகரத்திருந்தது, காலையிலிருந்து யாரோடும் பேசாதவன் குரல். அழுதுவிடுவேன் போலிருந்தது. “என்னடா, லைன்ல இருக்கியா?” இருக்கிறேன் அண்ணா, இருக்கிறேன்... வாயைத் திறக்கிறேன், அப்போதுதான் பார்க்கிறேன், இடது கையில் போன், வலது கை அதுபாட்டுக்கு ஒரு காகிதத்தை இழுத்துப் போட்டு, பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, அவன் சொல்வதைக் குறித்துக்கொள்ளக் காத்திருக்கிறது.